விருப்பம் கலந்த சாட்சி

பெரியவர்கள் சொல்லும் எண்களை இனி நம்புவதில்லை என்று உலகம் முடிவு கட்டி ஆறு வருடங்கள் ஆகியிருந்தன. ஆற்றில் எவ்வளவு சாயம், காற்றில் எவ்வளவு புகை, கிணற்றில் எவ்வளவு உப்பு என்று ஆலைகளும் அலுவலகங்களும் கொடுத்துவந்த எண்களை யாரோ உட்கார்ந்து சரிபார்த்தபோது பாதிக்கு மேல் பொய் என்று தெரியவந்தது. அதற்குப் பிறகுதான் பதினாலு வயதிலிருந்து இருபது வயது வரை உள்ளவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டு இளஞ்சாட்சி இயக்கம் தொடங்கியது. நாற்பத்து நான்கு நாடுகள். சூழல் கல்வி என்று பெயர். பிள்ளைகள் அளப்பார்கள், அளந்ததை வாய்விட்டுச் சொல்வார்கள், அப்படியே பூமியைப் படித்துக்கொள்வார்கள். அவர்கள் சொன்னதை வைத்து எந்த ஊருக்கு எத்தனை லாரி தண்ணீர் என்று தராசு முடிவு செய்யும். தராசு ஒரு பொறி. அது எங்கே இருக்கிறது என்று கேட்டால் மாவட்ட அலுவலகத்தில்கூடப் பதில் கிடைக்காது.

இசக்கிக்கு வயது பத்தொன்பது. தூத்துக்குடியில் மாலைநேரக் கல்லூரியில் வேதியியல் படித்தாள். மாதத்தின் முதல் சனிக்கிழமை காலையில், இயக்கம் மாட்டிவிட்ட சாம்பல் நிறப் பட்டை வலது மணிக்கட்டிலும் அதன் காதொலிப்பான் காதிலும் இருக்க, நான்கு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து ஓடைமுனைக்கு வருவாள். உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவில் எட்டே வீடுகள், முப்பத்தொரு பேர், ஒரு கிணறு. கிணறு செல்வக்கனியின் வீட்டுக்குப் பின்னால் இருந்தது. எந்த நாட்டிலோ ஒரு பையன் கிணற்றில் விழுந்துவிட்டதிலிருந்து, சாட்சிகள் கிணற்றின் பக்கம் போகக்கூடாது என்று விதி. இசக்கி வாசலில் நிற்பாள். செல்வக்கனி போத்தலை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போய் நிரப்பிக்கொண்டு வருவாள்.

இசக்கி எதையும் அவசரப்பட்டுச் செய்கிறவள் அல்ல. முதலில் உப்பு காட்டும் அளவுகோலை, அளவு தெரிந்த சோதனைக் கரைசலில் முக்கிப் பார்ப்பாள். போத்தலை அதே தண்ணீரில் மூன்று தடவை அலசச் சொல்வாள். எண் அசையாமல் நிற்கும்வரை ஒரு முழு நிமிடம் காத்திருப்பாள். வீட்டுக்குப் போனபிறகும் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, எங்கே தவறியிருப்போம் என்று தேடுவாள். ஒன்பது மாதமாகத் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. உப்பளவு லிட்டருக்கு 610, 625, 618 மில்லிகிராம். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இப்படி ஒரு நல்ல கிணறா என்று முதலில் சந்தேகம்தான். மணல் திட்டுகளுக்கு அடியில் மழைத்தண்ணீர் தனியாகத் தேங்கி நிற்பதுண்டு என்று பாடப் புத்தகத்தில் பார்த்துச் சமாதானமானாள்.

ஜூன் மாத முதல் சனிக்கிழமை அளவுகோல் 7,140 காட்டியது.

இரண்டாயிரத்துக்கு மேல் போனால் அது குடிக்கிற தண்ணீர் இல்லை. இசக்கி அளவுகோலைத் துடைத்துக் கரைசலில் முக்கினாள். சரியாக இருந்தது.

"யக்கா, இன்னொரு போத்தல்ல எடுத்துட்டு வாங்களேன். இதுல என்னமோ பட்டிருக்கு."

செல்வக்கனி இரண்டாவது போத்தலைக் கொண்டுவந்தாள். 7,138. மூன்றாவதையும் கொண்டுவந்தாள். 7,140. ஆறு மாத வயிற்றோடு மூன்று தடவை நடந்த களைப்பில் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு இருபத்தாறு வயது. எதைச் சொன்னாலும் பாதி சிரிப்போடு சொல்கிறவள்.

"எத்தன மட்டம் முக்குனாலும் உப்பு உப்புதாம்ளா. இது கெணத்துத் தண்ணி."

"இத்தன நாளும் கெணத்துத் தண்ணிதான குடுத்திய?"

செல்வக்கனி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கெணத்துத் தண்ணியக் குடுப்போமாளா? நாப்பத்து நாலு நாட்டுக்காரன் பாக்கப்போறாம்னு நீதான சொன்ன. நம்மூருத் தண்ணி இம்புட்டுக் கேவலமான்னு நெனைக்க மாட்டானா? எட்டு வீட்டுக்காரியளும் பேசி வச்சிதான், லாரித் தண்ணியில நல்லாத் தெளிஞ்சதாப் பாத்து ஊத்திக் குடுத்தோம். பன்னெண்டு நாளா லாரியக் காணும். குடத்துல சொட்டுக் கெடையாது. இருந்தா இதப் போயி உனக்குக் குடுத்திருப்பனா?"

இசக்கி போத்தலைக் கீழே வைத்தாள். சைக்கிள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, லாரிய நிறுத்துனது நாந்தான்."

"நீ எங்கன நிறுத்துன? டிரைவர்லா வரல."

"கெணறு நல்லாருக்குன்னு ஒம்பது மாசமா நாந்தான சொல்லிருக்கேன். நல்ல தண்ணி இருக்கிற ஊருக்கு லாரி எதுக்குன்னு தராசு நிறுத்திட்டு."

செல்வக்கனி மூன்று போத்தல்களையும் பார்த்தாள். பிறகு, "அப்ப இன்னைக்கு உள்ளதச் சொல்லு. திரும்ப அனுப்பிருவான்லா," என்றாள்.

அதுதான் வழி என்று இசக்கிக்கும் பட்டது. பட்டையை வாயருகே கொண்டுபோய், "ஓடைமுனை. ஏழாயிரத்து நூற்று நாற்பது," என்றாள். வழக்கமாகப் பச்சை எரியும். அன்றைக்கு மஞ்சள் எரிந்தது. காதுக்குள் ஒரு நிதானமான குரல் சொன்னது: "கனம் ஒன்பது. விருப்பம் கலந்த சாட்சி. ஏற்கப்படவில்லை."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை இசக்கி இரண்டு கேன் நல்ல தண்ணீரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டுபோய் செல்வக்கனி வீட்டில் இறக்கினாள். திங்கட்கிழமை, வகுப்புக்கு முன்னால், கல்லூரியிலேயே இருந்த இயக்க அறைக்கு ரெஜினாவைப் பார்க்கப் போனாள். ரெஜினா மாவட்டத்துக்கு இயக்கத்தின் ஒருங்கிணைப்பாளர். முன்பு பள்ளிக்கூட ஆசிரியை. இசக்கி நோட்டை விரித்து எல்லாத் தேதியையும் வரிசையாகச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"தராசு எண்ணைப் பாக்காது இசக்கி. சொல்ற ஆளைப் பாக்கும். உன் நாடி என்ன, தோல்ல எவ்வளவு வேர்வை, வாய் திறக்கிறதுக்கு முன்னால எத்தனை நொடி தயங்குனேன்னு பட்டை அனுப்பிட்டே இருக்கும். அதை வச்சுத்தான் கனம் போடுது."

"நான் பொய் சொல்லலையே மேடம்."

"இல்ல. ஆனா அந்த எண்ணைத் தராசு ஒத்துக்கணும்னு உனக்கு ஆசை இருந்தது. பொய் சொல்றவனுக்கும் அதே ஆசைதான் இருக்கும். அதுக்கு ரெண்டும் ஒண்ணு."

"அப்போ பழைய எண்?"

"எல்லாமே தொண்ணூத்தாறு, தொண்ணூத்தேழு கனம். இந்த மாவட்டத்துலயே நீதான் முதல்."

"அது லாரித் தண்ணி மேடம்."

"உனக்கு அது அப்போ தெரியாதுல்ல. அதனாலதான் அது நல்ல சாட்சி." சொல்லிவிட்டு ரெஜினா மேசையைப் பார்த்தாள். தான் சொன்னது அவளுக்கே பிடிக்கவில்லை என்று தெரிந்தது.

"நீங்க சொன்னா கேக்காதா?"

"எனக்கு முப்பத்தாறு வயசு. எனக்குக் கனமே கிடையாது."

வெளியே மாலை வகுப்புப் பிள்ளைகள் படியேறும் சத்தம் கேட்டது. ரெஜினா ஒரு படிவத்தை எடுத்து நீட்டினாள்.

"தகராறுன்னு பதிஞ்சு விடுறேன். அப்படிப் பதிஞ்சா தராசே ரெண்டாவது சாட்சி ஒருத்தரை அனுப்பும். ஜூலைல பரிமாற்ற முகாமுக்கு வெளிநாட்டுப் பிள்ளைகள் வர்றாங்க. அதுல யாராவது ஒருத்தர் வரும். அந்தப் பிள்ளை அளந்து முடிக்கிறவரை நீ ஒரு வார்த்தை பேசக்கூடாது. பேசுனா அதோட கனமும் போச்சு. அப்புறம், நேத்து தண்ணி கொண்டுபோனியா?"

"அவங்க மாசமா இருக்காங்க மேடம்."

"தெரியும். ஆனா நீ எங்க போறேன்னு பட்டைக்கும் தெரியும். அந்த ஊரோட உனக்கு ஒட்டுதல் இருக்குன்னு பட்டா, தகராறையே தள்ளிரும். நாலு வாரம் அந்தப் பக்கம் போகாத."

"பட்டையைக் கழட்டி வச்சிட்டுப் போனா?"

"கழட்டுன அன்னைக்கே நீ சாட்சி இல்ல. உன் பழைய எண் மட்டும் நிக்கும். அதை மாத்த ஆள் இருக்காது."

அன்றைக்கு வகுப்பில் இசக்கி நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு கிழித்தாள். தண்ணீர் கொண்டுபோனால் ஒருத்திக்கு. போகாமல் இருந்தால் முப்பத்தொரு பேருக்கு. கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனாலும், இது கணக்குத்தானா, இல்லை விதியை மீறத் தனக்குப் பயமா என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை. மாவட்டத்திலேயே முதல் என்று ரெஜினா சொன்னபோது உள்ளுக்குள் ஒரு கணம் குளிர்ந்ததும் நினைவுக்கு வந்தது. அதையும் எழுதினாள். எழுதியதை அடிக்கவில்லை.

தகராறுப் படிவத்தில் வீட்டுக்காரரின் கையெழுத்து வேண்டும். அதற்காக ஒரு தடவை போக அனுமதி உண்டு. செல்வக்கனி அவளுடைய சைக்கிளை முன்னும் பின்னும் பார்த்தாள்.

"என்னளா, வெறும் வண்டிய உருட்டிக்கிட்டு வார? கேன எங்க?"

இசக்கி எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது செல்வக்கனியின் முகத்தைப் பார்க்காமல் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பம் நீ எனக்குத் தண்ணி குடுத்தா, உனக்கு என்மேல பிரியம்னு அந்தக் கருமம் கண்டுபிடிச்சிரும். பிரியம்னா பொய்யின்னு ஆயிரும். அதான?"

"ஆமாக்கா."

"நல்ல படிப்புதாம்ளா படிக்கிய." செல்வக்கனி சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். "போட்டும். எட்டு வீட்டுக்கும் லாரி வருமுன்னா நான் பொறுத்துக்கிடுதேன். நாலு வாரந்தான. பிள்ளையுள்ள வீடுகளுக்கு வெலைக்கு ஆட்டோவுல ரெண்டு கேன் வருது, அதப் பிள்ளைய குடிக்கட்டும். நான் கஞ்சியோட, மோரோட கலந்து குடிச்சிக்கிடுதேன்."

"வெளிநாட்டுப் பிள்ளை வரும்போது கெணத்துத் தண்ணியத்தான் குடுக்கணும்க்கா. வெக்கப்படக்கூடாது."

"மானத்த வாங்கணும்னே வந்திருக்கா," என்று பக்கத்து வீட்டு லூர்தம்மாளைப் பார்த்துச் சொன்னாள் செல்வக்கனி. நாற்பது வயதுக்காரியான லூர்தம்மாள் சிரிக்கவில்லை. "ஏளா, உன் காலப் பாத்தியா? வீங்கிக் கெடக்கு," என்றாள்.

நான்கு வாரமும் இசக்கி போகவில்லை. பட்டையைக் கட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போனாள், வந்தாள். ஓடைமுனைப் பாதை பிரியும் இடத்தில் ஒவ்வொரு நாளும் சைக்கிளின் வேகம் தானாகக் குறையும். அப்படிக் குறைவதும் எங்காவது பதிவாகுமோ என்று வேண்டுமென்றே அழுத்தி மிதிப்பாள்.

ஜூலை முதல் வாரம் வந்தவள் பெயர் இனெஸ். போர்ச்சுகல்காரி, பதினெட்டு வயது. ரெஜினாவின் வண்டியில் வந்து இறங்கினாள். இசக்கி நூறு மீட்டர் தள்ளி, உப்பு அம்பாரத்துக்குப் பின்னால் காத்திருந்தாள். எட்டு வீட்டுப் பெண்களும் வாசலுக்கு வந்து நிற்பது தெரிந்தது. செல்வக்கனி போத்தலோடு பின்பக்கம் போனாள், வந்தாள். நடை மாறியிருந்தது. ஒரு கையால் சுவரைப் பிடித்து நடந்தாள்.

முடிந்ததும் இனெஸ் நேராக இசக்கியிடம் நடந்து வந்தாள். வெயிலில் முகம் சிவந்திருந்தது. அவள் பேசப்பேச கையில் இருந்த தொலைபேசி சுத்தமான தமிழில் சொன்னது:

"ஏழாயிரத்து இருபது. கனம் முப்பத்தொன்று. ஏற்கப்படவில்லை. என்னை மன்னித்துவிடு."

"ஏன்? யாராவது எதுவும் சொன்னாங்களா?"

"ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. எட்டுப் பேரும் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். போத்தலைத் தந்த பெண்ணின் கால்களைப் பார்த்தேன். இவர்கள் குடிப்பது இதைத்தான் என்று புரிந்துவிட்டது. சொல்லும்போது, இதை ஏற்றுக்கொள், ஏற்றுக்கொள் என்று எனக்குள் ஓடியது. ஓடாமல் இருந்திருக்க வேண்டும்."

"உங்க ஊர்ல இப்படி ஆனதே இல்லையா?"

"எங்கள் ஊரில் நான் ஓர் ஏரியை அளக்கிறேன்," என்றாள் இனெஸ். "அதைச் சுற்றி யாரும் குடியில்லை."

அன்று மாலை இசக்கி வகுப்புக்குப் போகவில்லை. கேன்களைக் கழுவி, தண்ணீர் பிடித்து, இரண்டையும் சைக்கிளில் கயிறு போட்டுக் கட்டிவைத்தாள். இனி எந்தக் கனம் குறைந்தால் என்ன என்று இருந்தது. மறுநாள் காலை ஏழு மணிக்கு ஓடைமுனை போய்ச் சேர்ந்தபோது செல்வக்கனி வீடு பூட்டியிருந்தது.

"விடியக்காலம் தல வலிக்குன்னு சொன்னா," என்றாள் லூர்தம்மாள். "கண்ணு தெரியலன்னா. பொறவு கையும் காலும் வெட்டிவெட்டி இழுத்துட்டு. நூத்தியெட்டு வண்டி வந்து தூக்கிப் போட்டுட்டுப் போச்சு. அவ மாப்பிள்ள கூடப் போயிருக்கான்."

இசக்கி கேன்களை அவிழ்க்காமல் வாசலில் நின்றாள். பதினொன்றரை மணிக்கு லூர்தம்மாளுக்கு போன் வந்தது. செல்வக்கனி இறந்துவிட்டாள். பிள்ளையும் இல்லை. ரத்த அழுத்தம் என்றார்களாம். குடிக்கிற தண்ணீரில் உப்பு அதிகமா என்று டாக்டர் கேட்டதாகவும், அவள் புருஷன் ஆமாம் என்று சொன்னதாகவும் லூர்தம்மாள் எல்லோருக்கும் கேட்கும்படி திருப்பிச் சொன்னாள். டாக்டர் அதை எழுதிக்கொண்டாராம். எழுதினால் என்ன. அவருக்கும் இருபது வயதுக்கு மேல்.

உடம்பைக் கொண்டுவந்தபோது, கிணற்றுத் தண்ணீரில் குளிப்பாட்ட லூர்தம்மாளுக்கு மனம் வரவில்லை. இசக்கியின் சைக்கிளிலிருந்து இரண்டு கேன்களையும் அவளே அவிழ்த்து எடுத்துப் போனாள். "அவளுக்குன்னு கொண்டாந்ததுதான," என்றாள். அதில் குத்தல் இருந்ததா என்று இசக்கி பலநாள் யோசித்தாள். இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம்.

ஆகஸ்ட் மாத முதல் சனிக்கிழமை, போவதா வேண்டாமா என்றுகூட அவள் நினைக்கவில்லை. சனிக்கிழமை என்பதால் போனாள். லூர்தம்மாள் போத்தலை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போய் நிரப்பிக்கொண்டு வந்தாள். இசக்கி அளவுகோலைக் கரைசலில் முக்கிப் பார்த்தாள். பிறகு போத்தலில் விட்டு ஒரு நிமிடம் காத்திருந்தாள். கோழி ஒன்று வாசலில் கிளறிக்கொண்டிருந்தது. பெண்கள் யாரும் வந்து நிற்கவில்லை. யாருக்கும் அந்த எண்ணிடம் கேட்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

"ஓடைமுனை. ஏழாயிரத்து இருநூற்றுப் பத்து."

பச்சை எரிந்தது. "கனம் தொண்ணூற்றொன்பது. ஏற்கப்பட்டது," என்றது குரல். "முந்தைய பதிவுகள் திருத்தப்படுகின்றன."

அவள் போத்தலைக் கவிழ்த்துவிட்டு, மூடியைத் திருகிப் பைக்குள் வைத்தாள். பாதி வழியில் ரெஜினா போன் செய்தாள்.

"இசக்கி, என்ன பண்ணுனே? தொண்ணூத்தொன்பது இதுவரைக்கும் எந்த நாட்டுலயும் வந்ததில்லையாம். புதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில காட்டணும், எப்படி மனசைத் தயார் பண்ணுனான்னு கேட்டு எழுதி வாங்குன்னு சொல்றாங்க."

"ஒண்ணும் பண்ணல மேடம்."

"மூச்சுப் பயிற்சி மாதிரி ஏதாவது?"

"ஒண்ணும் பண்ணல."

 ரெஜினாவுக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். "சரிம்மா," என்று வைத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை லாரி வருகிறது என்று லூர்தம்மாள் சொல்லியனுப்பியிருந்தாள். இசக்கி கல்லூரிக்குப் போகிற வழியில் ஓடைமுனைப் பாதையில் திரும்பினாள். போகக்கூடாது என்று சொல்ல இப்போது விதி எதுவும் இல்லை. உப்பளத்து வளைவில் லாரி தெரிந்ததும் பெண்கள் குடங்களோடு ஓடினார்கள். ஒருத்தி கால் தடுக்கி விழுந்து எழுந்து, மண்ணைக்கூடத் தட்டாமல் மறுபடி ஓடினாள். பிள்ளைகள் கத்தினார்கள். லாரியின் பின்னால் குழாயைத் திறந்துவிட்டதும், முதல் தண்ணீர் குடத்துக்குள் விழுகிற சத்தம் அவள் நின்ற இடம்வரை கேட்டது.

இதற்காகத்தானே என்று இசக்கி தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். பிறகு சைக்கிளை இடுப்பில் சாய்த்துக்கொண்டு, பட்டை இல்லாத இடது மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, ஒரு முழு நிமிடம் நாடியை எண்ணினாள்.

அறுபத்திரண்டு. சும்மா உட்கார்ந்திருக்கிறவளின் நாடி.

தப்பாக எண்ணியிருக்கலாம். மறுபடியும் எண்ணினாள். லூர்தம்மாள் தூரத்திலிருந்து கையாட்டி அவளைக் கூப்பிட்டாள். மூன்றாவது தடவையும் எண்ணினாள். அறுபத்திரண்டுதான்.